சகலை வீட்டுப் பெட்டி

காலை எட்டு மணிக்கு, டிவிக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டி கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பாதி இட்லியோடு எழுந்து ஓடினார் லிங்கேஸ்வரன்.

வீட்டு போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துவைக்கிற சர்வர் அது. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரருக்கு அது எதற்கு என்றால், தேனியில் இருக்கும் சகலை நல்லகண்ணு வீட்டில் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான். சகலையுடையது எழுநூற்றைம்பது ஜிபி. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னமனூர்க் கடையில் ஒச்சாண்டி, ஐந்நூறு ஜிபி டிஸ்க் இரண்டு போட்ட பெட்டியைக் காட்டினான். இரண்டிலும் ஒரே சரக்கை வைத்தால் ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும்; ஆனால் மொத்தம் ஐந்நூறுதான் காட்டும் என்றான்.

"ரெண்டையும் ஒட்டவச்சா?"

"ஆயிரம் காட்டும். ஒண்ணு போனா ரெண்டும் போயிரும்ணே."

"ஒட்டு."

இப்போது ஒன்று போய்க்கொண்டிருந்தது. நாலு மணிக்கு, மகளைக் கட்டிக்கொடுத்த அனுமந்தன்பட்டிச் சம்பந்தி வீட்டார் கல்யாண வீடியோ பார்க்க வருகிறார்கள். எடுத்துக் கொடுத்தவர் கடையைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போய்விட்டார். பெட்டிக்குள் இருப்பதுதான் உண்டு.

"தேனிக்கு ஒரு போன் போடவா?" என்றாள் மனைவி வேல்விழி. அமாவாசைக்கு அமாவாசை முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போகிறவள். எதற்கெடுத்தாலும் அவளுக்குத் தேனிதான்.

"வந்து நின்னு, 'என்ன சகலை, ஆயிரம் படுத்துருச்சாக்கும்'னு கேப்பாக. அதுக்குத் தோட்டத்துக் கெணத்துல குதிச்சிரலாம்."

புதுவீட்டில் பால் காய்ச்சிய படங்களும் இப்படித்தான் போயின என்று அவள் முணுமுணுத்தாள். பழைய கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று இவர் துடைத்தெடுத்த படங்கள் அவை. லிங்கேஸ்வரன் காதில் வாங்காமல், பீரோவில் கிடந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தேடினார்.

"இங்கனதான இருந்துச்சு?"

வேல்விழி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சின்னமனூருக்குப் பறந்து புதிதாக ஒன்று வாங்கிவந்தார். காப்பி செய்தால் படங்கள் இரண்டு இடத்தில் இருக்கும். பெட்டியின் பாரம் எப்படிக் குறையும் என்று யோசித்து, அத்தனையையும் 'கட்' செய்து எக்ஸ்டர்னலுக்கு நகர்த்தினார். மதியத்துக்குள் படமெல்லாம் போய்ச் சேர்ந்தது. கல்யாண வீடியோவை மட்டும் அது விழுங்கமாட்டேன் என்றது. ஒச்சாண்டிக்குப் போன் போட்டார்.

"பெரிய ஃபைலு அதுல ஏறாதுண்ணே. ஒருதரம் ஃபார்மட் பண்ணிட்டா ஏறும்."

லிங்கேஸ்வரன் பண்ணினார்.

"உள்ள ஒண்ணும் இல்லையில்ல?" என்றான் ஒச்சாண்டி.

வைத்திருந்த அத்தனை படமும் போயிருந்தது. சரி, கல்யாணமாவது மிஞ்சட்டும் என்று வீடியோவை ஏற்றினார். பாதி ஏறும்போது கரண்ட் போனது. மூன்றரைக்குத் திரும்ப வந்தபோது பெட்டி கத்தவில்லை. அதன்பிறகு அது எதற்குமே வாய் திறக்கவில்லை.

நாலு மணிக்கு வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்துத் திராட்சையில் விழும் சாம்பல் நோயைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். சம்பந்தியம்மா மூன்றாவது முறையாக டிவியைப் பார்த்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. துண்டில் பொதிந்த பெட்டியோடு இறங்கினார் நல்லகண்ணு, பின்னால் அவர் மனைவி பிச்சையம்மாள். வேல்விழி எப்போது போன் போட்டாள் என்று தெரியவில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் டிவியில் நாயனம் ஒலித்தது. மாலை, தாலி, பந்தி, பாயசம் வரை பிசிறில்லாமல் ஓடியது. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க சகலை பொறுப்பானவுக," என்றார்.

லிங்கேஸ்வரன் கேசரித் தட்டை நகர்த்திவைத்தார். இவர் மகள் கல்யாணத்தைக்கூட விட்டுவைக்காமல் எழுநூற்றைம்பதுக்குள் சுருட்டி வைத்திருக்கிறாரே மனுஷன்! பொறுக்கமுடியாமல் கேட்டே விட்டார்.

"எங்க வீட்டுக் கல்யாணம் ஒரு ஓரத்துலதான இருக்கும். மிச்ச எடத்துல அப்படி என்னதான் வச்சிருக்கீக, சகலை?"

நல்லகண்ணு விட்டத்தைப் பார்த்தார். வேல்விழி அவசரமாகக் கேசரித் தட்டுகளை அடுக்கினாள். பிச்சையம்மாள்தான் வெள்ளந்தியாகச் சொன்னாள்:

"எங்களுதுன்னு அதுல ஒண்ணுமில்லையே மாமா, பால்காய்ச்சுன படம் போச்சுன்னு அக்கா அழுததுல வாங்குன பெட்டி, மாசாமாசம் அக்கா ஒங்க பீரோ டிஸ்க்குல போட்டு முறுக்கு டின்னுக்குள்ள வச்சுக் கொண்டாரதத்தான் அதுல ஏத்தி வைக்கிறோம்."