புல் எவ்வளவு உயரம்?

ஆப்பிரிக்காவுக்கு எந்த மாதம் போனால் சிங்கம் கண்ணில் படும் என்பதை, மயிலாப்பூர் மெஸ் ஒன்றின் மாடி அறையை விட்டு நகராமலே கண்டுபிடித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். சிங்கத்துக்கே அவ்வளவு விவரம் தெரிந்திருக்காது. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலும் மெஸ்ஸிலும் கச்சேரி ரோடு வெற்றிலைக் கடையிலும் அவர் 'ஸீசன் வாத்தியார்'.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அவர் பூகோள வாத்தியார். நான் அதே பள்ளியில் தமிழ். என்னை அவர் கூப்பிடுவதும் "தமிழ்" என்றுதான். இருவருக்கும் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் தென்னந்தலைகள், அதற்கு அப்பால் கோபுரம். அவர் கண்ணுக்கு மட்டும் அதற்கும் அப்பால் ஒரு மஞ்சள் புல்வெளி.

அவருடைய அக்காவின் கணவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஸ்டேஷன் மாஸ்டர். ஊர் என்று ஒன்று கிடையாது. ஸ்டேஷன் மட்டும், சுற்றிலும் அடிவானம் வரை புல். பிளாட்பாரத்தில் வரிக்குதிரை ஏறி நிற்குமாம். ரயில் வருவதற்குள் அதை விரட்டுவது உத்தியோகத்தில் ஒரு பகுதி. அந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போன வருஷமே அவர், "எப்போது வேண்டுமானாலும் வா, வேட்டை வண்டியில் சுற்றிக் காட்டுகிறேன்" என்று எழுதிவிட்டார். நான் அறைக்குக் குடிவந்தபோது அந்தக் கடிதத்துக்கு ஒன்பது வயது.

"எப்ப வேணாலும்னா எப்ப, தமிழ்? மனுஷன் தெளிவா எழுத வேண்டாமோ?"

தெளிவுக்காக இவர் கேள்விகள் அனுப்பத் தொடங்கினார். குட்டை எப்போது வற்றும்? காட்டுமாடு எப்போது கன்று போடும்? முக்கியமாக, புல் எவ்வளவு உயரம்? புல் உயர்ந்துவிட்டால் சிங்கம் பக்கத்தில் படுத்திருந்தாலும் தெரியாது என்பது அவர் சித்தாந்தம். ஸ்டேஷன் மாஸ்டரும் சளைக்காமல் பதில் எழுதினார். 'கேள்வி பதினேழு: முழங்கால் வரை.' அந்த முழங்கால் கப்பலுக்காகக் காத்துக் கிடந்து, கப்பலேறி, பம்பாயில் இறங்கி, மயிலாப்பூர் வந்து சேர ஒரு மாதம். அதற்குள் அங்கே புல் இடுப்புக்கு வந்திருக்கும். அதனால் வாத்தியார் ஒரு மாத வளர்ச்சியைத் தாமே சேர்த்துக்கொண்டு, அறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார். எங்கள் சுவரில் ஆப்பிரிக்கப் புல் வளர்ந்து, காய்ந்து, மறுபடி வளர்ந்தது.

ஆராய்ச்சியின் முடிவு இதுதான். ஆடி முதல் புரட்டாசி வரை உத்தமம். தண்ணீர் வற்றி விலங்கெல்லாம் ஒரே இடத்தில் கூடும். தை, மாசி இரண்டாந்தரம். சித்திரை, வைகாசி மகா மோசம். விடாத மழை, ஆள் உயரப் புல். எங்கள் பள்ளிக்கூடத்துக்கோ சித்திரை, வைகாசியில்தான் லீவு. கிறிஸ்துமஸுக்குக் கிடைக்கும் பத்து நாளில் பம்பாய் போய், கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்பலாம். கடவுள் ஆப்பிரிக்காவுக்கு மழை ஒதுக்கியபோது எங்கள் ஹெட்மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாத்தியார் கேட்டார்.

"எதுக்கய்யா மூணு மாசம் லீவு?"

"காட்டுமாடெல்லாம் மந்தை மந்தையா ஆத்தைக் கடக்கும் சார். அதைப் பாக்கணும்."

ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் அந்த ஜன்னல்கிட்ட நில்லும். மணி அடிச்சதும் ஃபோர்த் ஃபாரம் பசங்க சாப்பாட்டுக்குக் கிளம்புவான். அதே காட்சிதான். கப்பல் சார்ஜ் மிச்சம்."

மணி அடித்தது. இவர் நின்று முழுவதும் பார்த்திருக்கிறார். அறைக்கு வந்து என்னிடம் சொன்னார்: "புழுதி சரியாத்தான் இருந்தது, தமிழ். முதலைதான் இல்லை."

போகாவிட்டால் என்ன, பழகிக்கொள்ளலாமே என்று ஒரு ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை என்னைத் திருவான்மியூர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அப்போது அங்கே கோயிலை விட்டால் பனையும் புதரும்தான். ஒரு குட்டையோரம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விரலை நனைத்துப் பார்த்து, தாழம்புதருக்குள் உட்கார வைத்தார். நரி தண்ணீர் குடிக்க வருமாம். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். வந்தது எறும்பு. பிறகு கூடையோடு ஒரு மீன்காரம்மா.

"இன்னா நைனா, ரெண்டு பேரும் பொதருக்குள்ள குந்திக்கினு கீறீங்க? வவுத்த வலியா?"

"உஷ்! நரி வரும்மா."

அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். "மானம் நேத்துதான் கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு. எங்க பாத்தாலும் தண்ணி கீது. அது இன்னாத்துக்கு நைனா உன் குட்டையத் தேடிக்கினு வரும்? வெயில் காலத்துல வா, கும்பலா வரும்."

ஒன்பது வருஷ ஆராய்ச்சியை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். வாத்தியாருக்கு வருத்தமே இல்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்: 'திருவான்மியூரும் ஒத்துக்கொள்கிறது.'

பதினோராவது வருஷம், மாசி மாதத்தில் இடி விழுந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அத்திம்பேருக்கு ஜூனில் துறைமுக ஊருக்கு மாற்றல். அங்கே காக்காய்தான் உண்டு. இந்தக் கோடை லீவை விட்டால் புல்வெளி இனி கிடையாது. கோடை லீவோ மழைக்காலம். வாத்தியார் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், "வேண்டாம், தமிழ். அவ்வளவு தூரம் போயும் ஒண்ணும் தெரியாது" என்றார். வரவில்லை என்று எழுதிப் போட்டும்விட்டார்.

பங்குனி கடைசியில் பதில் வந்தது. கையெழுத்து அத்திம்பேருடையது இல்லை. வாத்தியார் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

'தம்பிக்கு அநேக ஆசீர்வாதம். உன் கேள்விகளையெல்லாம் உன் அத்திம்பேர் எனக்கு வாசித்துக் காட்டுவார். சிங்கம் சௌக்கியமா, குட்டை சௌக்கியமா என்று கேட்டிருக்கிறாய். என்னை ஒரு தடவை கேட்டாயா? இங்கே அவரை விட்டால் தமிழ் பேச மனுஷாள் இல்லை. அவர் ஸ்டேஷனுக்குப் போனதும் கோழிகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அதுகளுக்கும் இப்போது கொஞ்சம் புரிகிறது. மழையானால் என்னடா? நான் வீட்டுக்குள்தானே இருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவேன்.'

அம்மா இல்லாத வீட்டில் அவரைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தவள் அவள். கல்யாணம் ஆனதும் கப்பலேறிப் போனவள், இருபது வருஷத்துக்கு மேலாகத் திரும்பி வரவில்லை. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பள்ளி மூடிய மறுநாளே வாத்தியாரைப் பம்பாய் ரயிலில் ஏற்றிவிட்டேன். பதினோரு வருஷம் கணக்குப் பார்த்த மனிதர், உலகத்திலேயே மோசமான மாதத்தில், ஒரு குடையோடு போனார்.

இங்கே கத்திரி வெயில். லஸ் முனையில் ட்ராம் தண்டவாளம் கண்ணைக் கூசவைத்தது. குளத்துப் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து உலர்ந்தன. கொதிக்கும் பாயில் புரளும்போது, எங்கோ ஒரு தகரக் கூரையில் மழை விழுவதை நினைத்துக்கொள்வேன். சற்றுக் குளிர்ந்த மாதிரி இருக்கும்.

ஜூனில், பள்ளி திறப்பதற்கு முதல் நாள் வந்து சேர்ந்தார். டிரங்குப் பெட்டி முழுக்கப் பூஞ்சை. மெஸ் மொத்தமும் சூழ்ந்துகொண்டது.

"சிங்கம் பாத்தீரா, ஓய்?"

"கர்ஜனை கேட்டுது. இடியா இருந்தாலும் இருக்கலாம்."

"யானை?"

"சாணி பாத்தேன். பெரிசு."

"ஒட்டகச்சிவிங்கியாவது?"

"கழுத்து தெரிஞ்சுது, புல்லுக்கு மேல. கீழ உடம்பும் இருக்கும்னுதான் நினைக்கறேன்."

கூட்டம் கசந்துபோய்க் கலைந்தது. நான் மட்டும் கேட்டேன்: "அத்தனை நாளும் என்னதான் செஞ்சீர்?"

"மழையைப் பாத்துண்டு உக்காந்திருந்தோம். அவ பேசினா. அவ்வளவு வருஷத்துத் தமிழையும் சேத்து வெச்சிருந்தா, தமிழ். எனக்கு வாயைத் திறக்க எடமே இல்லை."

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் உச்சியில் ஒரு கோடு கிழித்தார். "வைகாசிப் புல்." இறங்கி, தம் தோளை ஒட்டி இன்னொரு கோடு கிழித்தார்.

"இது எந்த மாசத்துப் புல்?"

"அது அக்கா." சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். "அவ கப்பலேறினப்போ நான் அவ தோள் ஒசரம்."

இரண்டு வருஷம் கழித்து அவருக்குக் கல்யாணமாகி மாம்பலத்துக்குக் குடிபோனார். அடுத்த பொங்கலுக்கு அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. புல்லையெல்லாம் அடிக்கச் சொன்னேன். தோள் உயரத்தில் இருந்த அந்த ஒரு கோட்டை மட்டும், நான் அந்த அறையில் இருந்தவரைக்கும், யாரையும் தொட விடவில்லை.