நட்சத்திர மீனுக்கு டச்சப் செய்த குற்றம்

கடல் உயிர் ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, முன்பின் தெரியாத ஒரு தகப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம்.

துருவக் கடலில் பனிப்பாளத்துக்கு அடியிலிருந்து எடுத்த நட்சத்திர மீன் ஒரு புது இனம் என்று என் மகள் தங்களுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தாள் அல்லவா? (மீன் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். எனக்கு வேறு வாயில் வரவில்லை.) படத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய இனம்தானே, புதிது எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இரண்டு வாரத்துக்குள் தக்க பதில் இல்லையென்றால் தள்ளுபடியாம். நாலு வருஷ உழைப்பு ஐயா. தப்பு அவளுடையது இல்லை. அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் முப்பத்தெட்டு வருஷம் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவன். கடையை மூடிய பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கட்டுரைக்கான படங்களைக் கொடுத்து, பின்னணியை மட்டும் கறுப்பாக்கித் தரச் சொன்னாள். மட்டும் என்றால் மட்டும்தான். ஆனால் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேனா, எனக்கு மனசே கேட்கவில்லை. உடம்பு முழுக்கப் பரு மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. பாவம், இந்த முகத்தோடு பத்திரிகையில் வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று எல்லாவற்றையும் வழித்துவிட்டேன். ஒரு கை குட்டையாக இருந்தது, பக்கத்துக் கையைப் பார்த்து நீட்டினேன். நிறம் மங்கலாகத் தெரிந்தது, லேசாக ரோஸ் கொடுத்தேன். கண் மூடியிருந்தால் திறந்து வைப்பதும் என் வழக்கம்தான், இதற்குக் கண் எங்கே என்று தெரியாததால் அது ஒன்று தப்பித்தது. கடைசி நாள் அவசரத்தில் மகளும், அப்பா வேலையாச்சே என்று சரிபார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

தங்கள் பதில் வந்த அன்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அந்த முடிச்சை வெச்சுதான்ப்பா இது புது இனம்” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை, மூன்று நாளாக என்னோடு பேச்சே இல்லை. அவள் அம்மா மட்டும் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். அசல் படம் கையில் இருக்கிறது, ஆனால் ஒரு தடவை மாற்றிய படம் அனுப்பியவளை இனி யார் நம்புவார்கள் என்பதுதான் அவள் பயம். நம்புங்கள் ஐயா. அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் சத்தியம். பொய் என்னுடையது, அதுவும் பாசத்தில் வந்தது. தண்டனை எதுவானாலும் எனக்கே கொடுங்கள், மன்னிப்பை அவளுக்குக் கொடுங்கள்.

தங்கள் பத்திரிகை தழைக்கட்டும், தங்கள் வீட்டுப் பிள்ளைகள் தங்களைவிட அறிவாளிகளாக வளரட்டும்.

இப்படிக்கு,
கட்டுரையாளரின் தகப்பன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மகளிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். கடிதத்தைப் படித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு திடீரென்று, அடிப்பக்கத்துப் படத்திலும் கை வைத்தாயா என்று கேட்டாள். வாயைச் சுற்றிப் பதினான்கு தூசி இருந்தது, எடுத்துவிட்டேன் என்றேன். அதெப்படி அவ்வளவு கணக்காகப் பதினான்கு என்றாள். ஒவ்வொன்றாக எடுத்தவனுக்குத் தெரியாதா? அசல் படத்தைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு தூசிக்கும் ஐந்து முனை. “அப்பா, இது தூசி இல்லப்பா. குட்டிங்க” என்றாள். முதுகு முடிச்சுகளையே எண்ணிக்கொண்டிருந்தவள் அடியில் இருந்த கோழைக்குள் பார்க்கவே இல்லையாம். மறுநாள் ஆய்வகத்தில் அதை விலக்கிப் பார்த்தால் பதினான்கும் அம்மாவைக் கட்டிக்கொண்டு இருக்கின்றன. அந்தப் பழைய இனம் முட்டையைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடுமாம், இதுவோ வாய்க்குப் பக்கத்திலேயே வைத்து வளர்க்கிறது. புது இனம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அசல் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினான்கு பிள்ளைகளும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.