டிண்ட் மாஸ்டர் துவைச்ச கவுனு

போன மாசம் ஒரு சனிக்கிழமை. எனக்கு ஒரே ஒரு வேலைதான். வெள்ளை கவுனுக்கு நீலம் போட்டுக் காயவைக்கணும்.

மறுநாள் மாதா கோயில்ல என் பொண்ணு ஷைனிக்குப் புதுநன்மை, மொத மொத நற்கருணை வாங்குற நாளு. கவுனு, அக்கா பொண்ணு போட்டது. பீரோல கெடந்து லேசா மஞ்சள் தட்டிகினு இருந்துச்சு.

வூட்டுக்காரி ஸ்டெல்லா கோயில்ல பாட்டு பிராக்டீஸுக்குக் கெளம்பிகினே சொன்னா. "பக்கெட் தண்ணிக்கு நாலு சொட்டு. அவ்ளோதான்யா!"

"யாருக்குச் சொல்ற? திருவொத்தியூர் பெயிண்ட் கடைல டிண்டிங் மிஷின் ஓட்டுறவன்டி நான்!"

ஷைனி கேட்டா, "டிண்ட்னா இன்னா நைனா?"

"வெள்ளைல ஒரு துளி கலரு. தனியா பாத்தா தெரியக்கூடாது. பக்கத்துல இன்னொரு வெள்ளைய வெச்சாத்தான் தெரியணும்."

சொல்லும்போதே எனக்குப் பெருமை தாங்கல.

கவுனைப் பக்கெட்ல ஊறப்போட்டுட்டு நீலம் பாட்டிலைக் கவுத்தேன். வரல. பிதுக்கினேன். ம்ஹூம். கடைல பட்டனைத் தட்டினா மிஷினு துளித்துளியா வுடும். இதுல ஏது பட்டன்? பல்லால மூடியைக் கடிச்சுத் திருகினேன்.

மூடி என் வாயில. பாதி பாட்டில் கவுனு மேல!

"ஐயோ ஏசுவே!"

தூக்கிப் பாத்தா ஆகாயம் தோத்துச்சு. ஷைனி ஓன்னு அழுதா. "எல்லாரும் வெள்ளைல வருவாங்க! நான் மட்டும் ஸ்கூல் யூனிபார்ம் கலருலயா போவேன்?"

வருஷம் பூரா இந்த நாளுக்குக் காத்துகினு இருந்த புள்ள அது.

அலசினேன். அலசிகினே இருந்தேன். லாரித் தண்ணி புடிச்சு வெச்ச டிரம்மே காலி. சாயங்காலம்தான் கவுனு வெளிர்நீலத்துக்கு எறங்கிச்சு. அதுக்கு மேல ஒரு நூல் எறங்கல.

ஸ்டெல்லா வந்து கவுனைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா.

"பல்லுல இன்னாய்யா நீலம்?"

"டிண்ட்."

மறுநாள் கோயில்ல வரிசையா வெள்ளைக் கவுனுங்க, நடுவுல என் பொண்ணு. பக்கத்துல வெள்ளைய வெச்சா தெரியணும்னு சொன்னேனே, வாசல் வரைக்கும் தெரிஞ்சுது. நான் தூணுக்குப் பின்னாடி ஒண்டிகினேன்.

பூசை முடிஞ்சு நானும் ஸ்டெல்லாவும் ஷைனி கிட்ட போனதும், ஒரு பெரியம்மா வந்து நின்னாங்க. நீல அங்கி போட்ட மாதா சுரூபத்தை ஒரு தடவை பாத்தாங்க. கவுனை ஒரு தடவை பாத்தாங்க.

"மாதா கலருல புதுநன்மையா! எவ்ளோ அழகா கீது! நேர்ந்துகினீங்களா?"

ஷைனிக்கு மொகமெல்லாம் சிரிப்பு. போன உசுரு எனக்கும் திரும்பி வந்துச்சு. பட்டுனு தலையாட்டிட்டேன். "ஆமாம்மா!"

"இன்னா நேர்ச்சை?"

நான் மறுபடி தூணைத் தேடினேன். ஸ்டெல்லா சிரிக்காம சொன்னா, "இவரு இனிமே வூட்ல துணியைத் தொடமாட்டாருன்னு."

அந்த நேர்ச்சையை நானும் பக்தியோட காப்பாத்திகினு வர்றேன்.