பொட்டு வைத்த பட்டன்

மாப்பிள்ளை வீட்டார் முதல் வடையைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, வாசலில் ஓட்டோ ஹோர்ன் அடித்தது.

விஜயரத்தினம் எட்டிப் பார்த்தார். மாத்தளை டவுனில் அவர் சாமான் வாங்கும் கடையின் ஓட்டோ. அதை ஓட்டி வந்த ஹுஸ்னி ஒரு பார்சலைத் தூக்கிக் காட்டினார். பார்சலுக்கு முன்னால் அதன் வாசம் வந்து சேர்ந்தது. கருவாடு.

விஜயரத்தினம் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வீடு சுத்த சைவம், முட்டைகூட உள்ளுக்கு வராது" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனில் அளந்திருந்தார். அவர்கள் பரம்பரைச் சைவம். மாப்பிள்ளை ஆரூரன் கண்டியில் என்ஜினியர். மகள் சிவதர்ஷினி டீச்சர். அவளுக்கு முன்னர் வந்த இரண்டு சம்பந்தங்களும் கைநழுவிப் போயிருந்தன. இதுவும் போனால், தான் பென்ஷன் போகுமுன் அவள் கல்யாணத்தைப் பார்க்க முடியாது என்று மனுஷன் உண்மையாகவே பயந்தார். அதனால் போனிலேயே சம்மதம் சொல்லி, பெண் பார்க்க வர நாளும் வைத்துவிட்டு, மகளுக்குப் பிறகு தகவல் கொடுத்தார்.

"நான் ஓடர் பண்ணலியே" என்றார் கேற்றடியில், மெதுவாக.

"உங்க வீட்டு ஓடர்தான் சேர்" என்று ஹுஸ்னி பார்சலைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

பின்பக்கமாகக் குசினிக்குள் ஓடியவர், ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்து அப்படியே நின்றார். அதில் ஒட்டியிருந்த பட்டனில் சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் இருந்தன.

கடைக்காரர் கொடுத்த பட்டன் அது. ஒரு தரம் தொட்டால் அரைக் கிலோ கருவாடு வீடு தேடி வரும். கடைக்குப் போக வேண்டாம், யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். யட்டவத்த பிரதேச செயலகத்தில் நாள் முழுக்க ஆட்களோடு பேசிக் களைத்தவருக்கு அது பெரிய வரம். ஒரேயொரு குறை, தொட்டதைத் தொடவில்லை என்று சொல்ல அதில் வழி கிடையாது.

விஜயதசமியாயிற்றே என்று காலையில் அவர்தான் ஃபேன், அயன், ரைஸ் குக்கர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். பட்டனுக்கும் பக்தியோடு அழுத்தியே வைத்தார். சந்தனத்துக்கு ஒரு தொடல், குங்குமத்துக்கு ஒரு தொடல். அப்படியென்றால் இன்னொரு பார்சல் வரும்.

மனைவி தவமணிதேவி விஷயம் புரிந்ததும் பட்டனைத் துடைத்துவிடச் சொன்னார். விஜயரத்தினம் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்த பிறகுதான், துடைப்பதும் தொடுவதுதான் என்று அவருக்கு உறைத்தது. பட்டனின் சின்ன விளக்கு எரியக்கூட இல்லை. சந்தனம் உள்ளே போய் அடைத்திருக்கும் என்று நினைத்தார்.

தேத்தண்ணித் தட்டை எடுக்க வந்த தர்ஷினி, கையில் போனோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனியாவது அமுக்காதீங்கப்பா" என்றாள் அமைதியாக.

பார்சலை வெளியே வைத்தால் நாய்கள் இழுத்து வரும். தவமணிதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டு அதைச் சாமியறையில், பூசைக்கு அடுக்கிய புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்தார். அவர் வெளியே வரவும், மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, நல்ல நாளில் சாமி கும்பிட வேண்டும் என்று சொல்லவும் சரியாக இருந்தது.

தவமணிதேவி சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டார். புகைக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

"சாம்பிராணி ஒரு மாதிரி மணக்குதே" என்றபடி அந்த அம்மா வெளியே வந்தார்.

"மாத்தளையில இப்ப இதுதாங்க கிடைக்குது" என்றார் விஜயரத்தினம்.

அதற்குள் மறுபடியும் ஹோர்ன். பாய்ந்தோடி இரண்டாவது பார்சலை வாங்கித் தன் ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் திணித்தார். சீட் மூடவில்லை. அதன் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்தினார். அவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஹுஸ்னி மூன்றாவது பார்சலோடு அவரைத் தாண்டி ஹாலுக்குள் போய், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஈரமான தாள் கிழிந்து ஒரு வால் வெளியே நீட்டியது.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"தகவல் சொல்லி அனுப்புறோம்."

கார் போனதும் விஜயரத்தினம் பட்டனைப் பிடுங்கி ஹுஸ்னியிடம் நீட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தச் சனியனக் கொண்டு போயிடுங்க. நான் ஒரு பொட்டு வச்சதுல எம்புள்ள வாழ்க்கையே போச்சு."

ஹுஸ்னி பட்டனைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"இதுல பெட்டரியே இல்லையே சேர். ஓடர் எல்லாம் டீச்சர்தானே போன்ல தந்தாங்க, வந்தவங்க எழும்பிப் போற வரைக்கும் ஒவ்வொண்ணாக் கொண்டு வரச் சொல்லி. அவங்க போயிட்டாங்கதானே, வண்டியில இருக்கிற நாலாவதத் திருப்பிக் கொண்டு போகட்டா?"