நடுவில் இருந்த ஈ

வாரத்தில் ஆறு நாள் அமிர்தநாதனுக்குக் கோபம் வரும். ஏழாம் நாள் வராது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்தால் குழம்பில் மீன் தலை இருக்கும். அந்த மீனைத் தூத்துக்குடியில் காலா என்பார்கள். இப்போது குடியிருக்கும் செம்பூர் மார்க்கெட்டில் ராவஸ் என்று கேட்டால்தான் கிடைக்கும். பெயர் எதுவானாலும் தலை அவருக்கு. முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அந்தத் தலை தட்டு மாறிப் போனதே இல்லை.

அதற்குப் போன மாதம் ஆபத்து வந்தது. கால் பெருவிரல் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ரத்தத்தைச் சோதித்தால் யூரிக் ஆசிட் எகிறிக் கிடந்தது. மீன் தலை, மீன் முட்டை, ஈரல் எதையும் இனித் தொடக் கூடாது என்றார் தேவ்நார் டாக்டர். அந்த டாக்டர் சுத்த சைவம். தலையை ருசித்தே பார்க்காத மனுஷனுக்கு அதை நிறுத்தச் சொல்ல என்ன அருகதை என்று அமிர்தநாதன் கொதித்தார். மனைவி சேசம்மாள் மூன்று ஞாயிறு சண்டை போட்டாள். மார்க்கெட்டுக்கு இன்றைக்குத் தலையில்லாத மீன்தான் வந்தது என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். நாலாவது ஞாயிறு ஒரு வார்த்தை பேசாமல் தலையைத் தட்டில் வைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அமிர்தநாதன் நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவருக்கு, சாப்பாட்டு மேஜையில் சரியாக அவர் நாற்காலிக்கு முன்னால், ஒரு பளபளப்பான பொட்டலம் காத்திருந்தது. மேலே பூனைப் படம். 'கெட்டிக் குழம்பில் சூரை மீன்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'காம்ப்ளிமென்டரி'.

பூனையின் பெயர் லட்டு. மகள் ஸ்வீட்டி கல்யாணமாகி வாஷிக்குப் போனபோது பிறந்த வீட்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப்போனாள், இதை மட்டும் விட்டுப்போனாள். அதற்குக் குழம்பு வைத்த மீன் கேட்கிறதா என்று அமிர்தநாதனுக்கு முதல் கோபம். இரண்டாவது கோபம் அந்தக் கொட்டை எழுத்தைப் பார்த்து வந்தது. அவர் ஒரு மசாலாக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. லேபிளைப் படிக்காமல் உப்பைக்கூடத் தொடமாட்டார்.

"ஏட்டி, இதுல இனாம்னு போட்டிருக்கான். சிராஜ் துட்டு வாங்குனானா?"

"வாங்காம? கடை வச்சிருக்கான்லா."

அவ்வளவுதான். வீங்கிய விரலோடு மூன்று மாடி இறங்கினார். கட்டடத்தின் அடியிலேயே சிராஜின் கடை. நாய், பூனை, மீன்தொட்டிச் சாமான்கள். கடையநல்லூர்க்காரர், பொறுமைசாலி. பொட்டலத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, இனாம்னா நடுவுல ஐ இருக்கும். இதுல நடுவுல ஈ இருக்கு."

"ஈயா?"

அமிர்தநாதன் பொட்டலத்தைப் பிடுங்கி டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முப்பது வருடத் தரக்கட்டுப்பாடு அவருக்குள் எழுந்து நின்றது. பூனைக்குத்தானே என்று ஈயையும் சேர்த்து அடைத்து விற்பீர்களா, பேட்ச் நம்பர் எங்கே, தயாரித்த தேதி எங்கே என்று கடை அதிரக் கேட்டார். கிளிக் கூண்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மெல்ல நகர்ந்து வெளியே போனது.

"சும்மா காலி-பீலி கத்தாதீங்க அண்ணாச்சி. ஏவாரம் போகுது. பறக்குத ஈ இல்ல. இங்கிலீஷ் எழுத்து ஈ."

இனாமுக்கு ஐ, துணைக்கு ஈ என்று சிராஜ் விளக்கினார். இது துணை உணவு. இதை மட்டும் போட்டு வளர்த்தால் பூனைக்குப் பத்தாது. முழுச் சாப்பாடு என்று தனியாக உண்டு, அதோடு சேர்த்துத்தான் இதைக் கொடுக்க வேண்டும். நாம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற மாதிரி.

சோறே போடாமல் வெறும் தொடுகறியைக் கிண்ணத்தில் கொட்டுகிறாளா? அமிர்தநாதன் மூன்று மாடியும் முனகிக்கொண்டே ஏறினார். வந்ததும் வராததுமாக ஈ சமாச்சாரம் முழுவதையும் சேசம்மாளிடம் கொட்டித் தீர்த்தார். இந்தப் பொட்டலத்தின் சத்து என்ன, சாரம் என்ன என்று விஞ்ஞான முறைப்படி மதிப்பிட்டு, எழுத்து மூலமாக நிரூபித்து, வீட்டுக்குள் வரவிடாமல் செய்வேன் என்று அறிவித்தார். பூனைக்காக அல்ல, நியாயத்துக்காக என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் சோதனை. சமையல் தராசில் நூறு கிராம் நிறுத்து, தோசைக்கல்லில் பரப்பி, இளந்தீயில் ஈரம் போக வறுத்தார். எழுந்த நாற்றத்தில் மாடிப்படி முழுக்கத் தெருப்பூனைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. எதிர்வீட்டு மராத்தி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று இந்தியில் விசாரித்துவிட்டுப் போனாள். அந்தத் தோசைக்கல்லில் யாராவது ஆம்லெட் போட்டாலே சேசம்மாள் ஒரு வாரம் பேசமாட்டாள். அன்று முகம்கூடச் சுளிக்கவில்லை. கிளறுவதற்குக் கரண்டி வேறு எடுத்துக் கொடுத்தாள். மனுஷர் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

வறுத்ததை நிறுத்தால் பதினெட்டு கிராம்.

"பாத்தியா? எண்பத்திரண்டு சதவீதம் தண்ணி. குழம்புன்னு சொல்லித் தண்ணிய விக்கான்."

ஆனால் லேபிள்படி நூறு கிராமுக்குப் புரதம் எட்டு கிராம். ஈரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டால், பதினெட்டில் எட்டு, நாற்பத்துநாலு சதவீதம் வந்தது. இது நல்ல எண். அமிர்தநாதனுக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் தொழில் தர்மம் விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். அடுத்து லேபிளைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பித் தேடினார். டாரின் இல்லை. கால்சியம் இல்லை. வைட்டமின் ஏ இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"டாரின் இல்லேன்னா என்னவாம்?" என்று சேசம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவர் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பூனைக்குக் கண்ணு மங்கும். இருதயம் வீங்கும்."

"உங்களுக்குப் பெருவிரல் வீங்குத மாதிரியா?"

"சயின்ஸ் பேசும்போது நடுவுல வராத."

"சரி. அது எதுல இருக்கு?"

"மீன்லதான். நல்ல மீன்ல."

"மீன்ல எங்கன?"

இந்த விஷயத்தில் செம்பூரிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற பெருமை அமிர்தநாதனுக்கு உண்டு. தலையில்தான் இருக்கிறது எல்லாச் சத்தும் என்றார். கண், மூளை, கன்னத்துச் சதை என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். சொல்லும்போதே அவருக்கு வாயில் நீர் ஊறியது.

"அப்பம் அதையும் எழுதிருங்க. இல்லேன்னா உங்க ரிப்போர்ட்டு கம்ப்ளீட்டா இருக்காது. காம்ப்ளிமென்டரியால்லா போயிரும்."

பெண்டாட்டிக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டா என்று வியந்துபோனார். வியந்த வேகத்தில் எழுதினார்: 'பரிசோதித்த பொட்டலம் தனி உணவாகத் தகுதியற்றது. பூனையின் முழு ஆரோக்கியத்துக்குப் புதிய மீனின் தலையே மிகச் சிறந்தது.' கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். சேசம்மாள் அதை வாங்கிப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கை கழுவி, மேஜையில் உட்கார்ந்தார். தட்டில் சோறு இருந்தது. தலை இல்லை. கீழே லட்டு கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. முள் ஒன்று விடாமல் எடுத்து, உப்பில்லாமல் அவித்து, மீன் தலையின் கன்னத்துச் சதையெல்லாம் சேசம்மாள் அதில் உதிர்த்துப் போட்டிருந்தாள்.

"ஏட்டி, அது என் தலை."

சேசம்மாள் பிரிட்ஜ் கதவிலிருந்து காகிதத்தை எடுத்து வந்து கடைசி இரண்டு வரியையும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"அது பொதுவாச் சொன்னது."

"கையெழுத்தும் பொதுவாப் போட்டதா?"

அவர் எழுந்து மறுபடியும் மூன்று மாடி இறங்கினார். அடுத்த ஞாயிற்றுத் தலையையாவது மீட்டாக வேண்டும். அதற்கு ஒரே வழி, பூனைக்கு முழுச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வது. சிராஜிடம் முழு உணவு, ஒரு குறையும் சொல்ல முடியாத கம்ப்ளீட் உணவு, பெரிய பையாகக் கொடு என்றார்.

சிராஜ் விழித்தார். "எதுக்கு அண்ணாச்சி? மதினி ரெண்டு வருசமா அதத்தான வாங்குதாங்க. உங்க அடுக்களையில பச்ச டப்பா நெறைய இருக்குமே."

"அப்பம் அந்தப் பொட்டலம்?"

"அது போன செவ்வாக்கிழமை மட்டுந்தான். ஒண்ணே ஒண்ணு போதும், காம்ப்ளிமென்டரின்னு பெருசா எழுதியிருக்கதாப் பாத்துக் கொடுன்னு கேட்டு வாங்குனாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "கால் வீக்கம் எப்படி இருக்கு? டாக்டரு தலைய நிறுத்தச் சொன்னதா மதினி வருத்தப்பட்டாங்களே."

அமிர்தநாதன் படியேறினார். ஒவ்வொரு படியிலும் ஒரு கோபம் வந்தது. சேசம்மாள் மேல், சிராஜ் மேல், டாக்டர் மேல், ஸ்வீட்டி மேல், இங்கிலீஷ் மேல். மூன்றாவது மாடிக்கு வந்தபோது மிச்சமிருந்தது பெருவிரல் வலி மட்டும்தான். லட்டு வாசலில் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சேசம்மாள் அவர் முன்னால் ஒரு கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். முருங்கைக்காயும் மாங்காயும் மிதக்கிற குழம்பு.

"இது என்னது?"

"உங்களுக்குக் காம்ப்ளிமென்டரி."

ஐயா, ஈயா என்று அமிர்தநாதன் கேட்கவில்லை. கரண்டியால் அடிவரை கிளறிப் பார்த்தார். ஈரப்பதம் எண்பத்திரண்டு சதவீதத்துக்குக் குறையாது.