அம்மன் வாக்கு சொன்ன மாப்பிள்ளை

சாமி வேஷத்தில் நின்றுகொண்டு சொந்தக் கல்யாணப் பேச்சையே கலைத்தவன், சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் தேடினாலும், நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்படுகிற கோலத்தில் அன்றைக்கு நான் நிற்கவும் இல்லை. விக் ஒரு பக்கம் சாய்ந்து, ஒட்டு இமை ஒன்று கன்னத்துக்கு இறங்கி, மழையில் நனைந்த கல்யாணப் பந்தல் மாதிரி நின்றேன்.

எங்களுக்கு ஆந்திரா எல்லையில் புத்தூர் பக்கம். பல தலைமுறையாக மாந்தோப்பு. வீட்டில் தமிழ், மண்டியில் தெலுங்கு, சண்டை என்று வந்தால் இரண்டும். எனக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக் வேலை. பெல்ட்டில் வருகிற சாமான்களில் எது சரியில்லை என்று கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். (ஊருக்குத் தெரிந்தால் முதலில் என்னைத்தான் ஒதுக்குவார்கள் என்று ஒரு பயம் எப்போதும் உண்டு.) எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது பத்தாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும். வீட்டில்தான் தெரியாது.

சொல்லக்கூடாது என்றில்லை. எங்கள் நைனாவிடம் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. அவர் பேசினால் நாலு தோப்பு தாண்டிக் கேட்கும். 'உப்பு கம்மி' என்று அவர் சொன்னால் பக்கத்து வீட்டில் உப்பு எடுத்து வைப்பார்கள். அவரிடம் போய் இதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் நகரி வரைக்கும் தெரிந்துவிடும்.

இந்த லட்சணத்தில்தான் கம்பெனி பஸ்ஸில் சுகு வந்து சேர்ந்தான். கும்மிடிப்பூண்டிக்காரன். பகலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான்; லீவு நாட்களில் சென்னையில் 'டிராக்' ஆடுவான். ஆண் பெண்ணாகவோ, பெண் ஆணாகவோ, உள்ளதைவிடப் பத்து மடங்கு கூட்டி உடுத்தி, பூசி, மேடையில் வந்து ஒரு கலக்குக் கலக்குவதற்குத்தான் டிராக் என்று பெயர். அவன் வீடியோவைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மேடைப் பெயர்கூட வைத்துக்கொண்டேன்: குமாரி கோமளா.

திருப்பதியில் ஒரு லாட்ஜ் ஹாலில், எங்களைப் போன்றவர்கள் மட்டும் கூடுகிற சின்ன நிகழ்ச்சி ஒன்றுக்கு ஏற்பாடானது. கோமளாவுக்கு முதல் மேடை. கடைசி வரியில் நான் முதுகுக்குப் பின்னாலிருந்து வானவில் கொடியை எடுத்து விரிக்க வேண்டும். கூட்டம் விசிலடிக்க வேண்டும். கொடிக்காகப் புத்தூர் மேட்சிங் சென்டரில் போய் ஆறு கலரில் ஜாக்கெட் துணி கேட்டேன்.

"எந்தப் பொடவைக்கு?" என்றார் கடைக்காரர்.

"ஒரு பொடவைக்குத்தாங்க."

"ஒரு பொடவைக்கு ஆறு ஜாக்கெட்டா? யாருப்பா அந்த மகராசி?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானேதான் அந்த மகராசி என்று சொல்ல வாய் வரவில்லை.

அதே வாரத்தில் நைனா ஒரு குண்டைப் போட்டார். வரதய்யபாளையத்தில் ஒரு பெண். ஸ்கூல் டீச்சர். போட்டோவை நீட்டினார். ஜாதகம் பொருந்திவிட்டதாம்.

"ஞாயித்துக்கெழம போய் பாத்துட்டு வந்துடலாம்டா."

"ஞாயித்துக்கெழம ஷிப்ட்டு நைனா."

"எப்பப் பாத்தாலும் ஷிப்ட்டு ஷிப்ட்டுன்னு சொல்லிக்கினு! தாலி கட்ற அன்னிக்கும் ஷிப்ட்டுன்னுவியா? நீ வராட்டி போ. நான் போய் பேசி முடிச்சிட்டு வரேன்."

முடித்துவிட்டுத்தான் வருவார். நைனா தட்டு மாற்றிவிட்டால் அப்புறம் பிரம்மதேவனே வந்தாலும் மாற்ற முடியாது. என் பொய்க்குள் அந்த டீச்சரையும் இழுத்துப் பூட்டி வைத்தது போலாகிவிடும். அதற்குள் உண்மையைச் சொல்லியாக வேண்டும். (மேடையில் கொடி பிடிக்கப் போகிற புரட்சிவாதிக்கு வீட்டில் வாய் திறக்கத் துப்பில்லை.) திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே வாய்தா வாங்கிக்கொண்டேன்.

நிகழ்ச்சி நடந்த ஞாயிறு, திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை, அதாவது அம்மன் திருவிழா நேரம். வேண்டுமென்றே அந்த நாளைத்தான் பிடித்தோம். ஜாத்திரை வாரத்தில் திருப்பதியில் ஆம்பிளைகள் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டுப் பட்டப்பகலில் நடப்பார்கள். பிரார்த்தனை. மீசைக்கு மேலே மூக்குத்தி போட்ட பேங்க் கிளார்க்கைக்கூட நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நாமும் லாட்ஜ் வரைக்கும் நடந்துவிடலாம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று சுகுவிடம் நான்தான் அளந்தேன்.

அந்த ஊர்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நான் ஒன்றை மறந்துபோனேன். ஜாத்திரையில் புடவை கட்டிய ஆம்பிளையைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், வாஸ்தவம். காலில் விழுவார்கள்.

மற்றவர்கள் கொஞ்சம் பவுடர், கொஞ்சம் மை, மனைவியின் புடவை என்று அடக்கமாக வந்திருந்தார்கள். நானோ அம்மாவின் கல்யாணப் பட்டு, இடுப்பு வரைக்கும் விக், விசிறி போல இமை, கண்ணைச் சுற்றிக் கல்யாண மண்டப சீரியல் லைட் மாதிரி மினுக்கு. கையில் மூங்கிலில் கட்டிய கொடி. தெருவில் இறங்கிய உடனே ஒரு கான்ஸ்டபிள் மறித்தார்.

"எந்தப் பார்ட்டி?" என்றார் கொடியைக் காட்டி.

"பார்ட்டி இல்ல சார்."

அவர் கலரை விரல்விட்டு எண்ணினார். "ஆறு இருக்குதே. கூட்டணியா?"

அதற்குள் ஒரு அம்மா ஓடிவந்து கொடிக்கம்பில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டாள். கான்ஸ்டபிள் சட்டென்று தொப்பியை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். இத்தனை ஜிகினாவோடு ஒரு அம்மனை அந்தத் தெரு பார்த்ததில்லை போலிருக்கிறது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி குழந்தையை என் கையில் திணித்தாள். அது என் இமையைப் பார்த்து வீறிட்டது. இன்னொருத்தி காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். வெள்ளைச் சுடிதார் போட்டிருந்த சுகுவை எனக்கு உதவிக்கு வந்த பெண் என்று நினைத்துத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"டேய், எப்பிடியாவது வழி விடச் சொல்லுடா," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீதான சாமி. நீ சொல்லு," என்றான் துரோகி.

அப்போதுதான் நாலு தோப்பு தாண்டிக் கேட்கிற அந்தக் குரல் கேட்டது. "தள்ளுங்க, தள்ளுங்க! பொம்பளைங்க வர்றாங்க, வழி வுடுங்க!"

நைனா. கையில் சொம்பு. பக்கத்தில் ஒரு கனத்த அம்மாள், அவளுக்குப் பின்னால் ஒரு பெண். போட்டோவில் பார்த்த அதே டீச்சர். பெண் வீட்டுக்காரர்கள் ஜாத்திரைக்கு வருகிறார்கள் என்று தெரிந்து, அங்கேயே வைத்துப் பேச்சை முடித்துவிடலாம் என்று நைனா கிளம்பி வந்திருக்கிறார். ஓடிவிடலாம் என்று பார்த்தேன். முன்னால் கூட்டம், பின்னால் கூட்டம், புடவையோ தடுக்குகிறது. இரண்டு அடி தள்ளி என் நைனா என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெரியவில்லை! சுகுவின் மேக்கப் அப்படி.

"அம்மா தாயே," என்று அந்த அம்மாள் கும்பிட்டாள். "என் பொண்ணுக்கு புத்தூர்ல ஒரு சம்மந்தம் வந்துக்குது. முடியணும்னு ஒரு வார்த்த சொல்லு தாயே."

கூட்டம் என் வாயையே பார்த்தது. ஒரு கும்பிடு போட்டு, கையசைத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் 'ஆகட்டும்' என்று தலையாட்டினால் அது வாக்கு. அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவார் நைனா. குரலைப் பெண் குரலாக்கி, அது பாதியில் உடைந்து, ஒரு மாதிரி ஆட்டுக்குட்டிக் குரலில் சொன்னேன்:

"வேணாம் தாயி. அந்தப் பையன் உன் பொண்ணுக்கு வேணாம்."

"அய்யய்யோ! ஏம்மா? குடிப்பானா?"

"சேச்சே."

"வேற எவளயாவது இஸ்துக்கினு சுத்றானா?"

"கெனாவுல கூட இல்ல!"

"பின்ன கொணம் சரியில்லயா?"

"கொணம் தங்கம்!" என்றேன் ரோஷத்தோடு. (சாமியாக இருந்தாலும் தன்மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.) "ஆனா வேணாம்."

நைனாவுக்குப் பொறுக்கவில்லை. சாமியோடேயே மல்லுக்கு நின்றார். "தாயே, என் புள்ள ஒரு தப்புத்தண்டாவுக்கும் போவமாட்டான். கை நெறைய சம்பாரிக்கிறான். கொஞ்சம் மனசு வைம்மா. சம்மந்தி, நீங்க குனியாதீங்க, உங்களுக்கு முட்டி வலி. நான் ஊத்தி வேண்டிக்கிறேன்," என்று சொம்போடு என் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

பெற்ற தகப்பன் காலைக் கழுவுகிறார். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. மஞ்சள் தண்ணீர் வழிந்தது. அவர் விரலால் தேய்த்தார். இடது கால் சுண்டுவிரலில் வந்ததும் கை நின்றது. சின்ன வயதில் மாங்காய் லோடு ஏற்றும்போது நைனா கையிலிருந்து நழுவின மரப்பெட்டி என் காலில் விழுந்து வளைந்துபோன விரல் அது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான். அந்த விரலை அவருக்குத் தெரியாதா?

மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கத்தப் போகிறார், இன்றைக்கு நகரி வரைக்கும் தெரியப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கத்தவில்லை. என் ஆயுசிலேயே முதல்முறையாக எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்: "தாயே... இந்தப் பொண்ணு வேணாமா? இல்ல, எந்தப் பொண்ணுமே வேணாமா?"

சாமியின் குரல் என்னைவிட்டுப் போய்விட்டது. அவருக்கு மட்டும் கேட்கிற அளவில் என் குரல்தான் வந்தது. "எந்தப் பொண்ணுமே வேணாம், நைனா."

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவர் அவசரப்படாமல் ஊற்றினார். என் இரண்டு பாதத்தையும் துண்டால் துடைத்தார். எழுந்து நின்று பழைய குரலில் முழங்கினார்: "கேட்டுக்கினீங்களாம்மா? அம்மன் வாக்கு. மீறினா ரெண்டு குடும்பத்துக்கும் ஆவாது. நம்ம பேச்சு இத்தோட முடிஞ்சிச்சி." அந்த அம்மாள் கண் கலங்கிக் கும்பிட்டாள். பின்னால் நின்ற டீச்சர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்கும் ஏதோ வேண்டுதல் இருந்திருக்கும். என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் ஏது மேடை? நைனா என் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கோமளாவின் பாட்டுக்கும் சேர்த்து சுகுவே ஆடிவிட்டான். பஸ்ஸில் மூன்று பேர் எழுந்து சாமிக்கு சீட் கொடுத்தார்கள். கொடியைப் பிடித்துக்கொண்டு நைனா நின்றபடியே வந்தார். 

நேராக வீட்டுக்குப் போகாமல் தோப்பு மோட்டார் தொட்டிக்குக் கூட்டிப்போய், "மூஞ்சிய கழுவு," என்றார். கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "இது இன்னா கொடி?"

சொன்னேன். ஆண்களைத்தான் பிடிக்கும் என்றும், பெண் வேஷம் கட்டி ஆடுவது எனக்கு உயிர் என்றும், இந்தக் கொடி எங்களைப் போன்றவர்களுடையது என்றும் சொன்னேன். தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாதியைச் சொன்னேன். அவர் வெகுநேரம் கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொடி வெச்சிக்கிற அளவுக்கு ஆளுங்க இருக்கிறாங்களாடா?"

"உலகம் பூரா இருக்கிறாங்க நைனா."

"அப்ப நீ ஒண்டியா இல்ல."

"இல்ல."

"பஸ்ஸுல வர்றப்போ அதத்தான் நெனச்சிக்கினு வந்தேன். இவன் இத்தினி வருஷமா ஒண்டியா இத மனசுல வெச்சிக்கினு, நம்ம வூட்டுலயே துன்னுக்கினு தூங்கிக்கினு..." என்றவர் மோட்டார் ஸ்விட்ச்சைப் போய் அணைத்தார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். மிச்சமிருந்த இமையும் தொட்டியில் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மா கிட்ட நீயே சொல்லிக்க. என்னால ஆவாது," என்றார்.

அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அவளுடைய கல்யாணப் பட்டில் மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டாள். "உன் மனச சாமி பாத்துக்கும். என் பட்ட எவன் பாத்துக்கறது?" என்று ஆரம்பித்தவள் இன்றைக்கும் நிறுத்தவில்லை. இப்போதும் எப்போதாவது யாராவது ஒரு பெண்ணின் போட்டோவை என் முன்னால் மறந்து வைத்ததுபோல வைப்பாள். நான் பார்க்காததுபோல இருப்பேன். இப்படித்தான் ஓடுகிறது.

போன மாசம் ஒரு கல்யாணத் தரகர் வந்தார். நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்த வூட்டுல அம்மன் வாக்கு ஆயிடுச்சிய்யா," என்றார். தரகர் விடுகிறவரா? எந்த அம்மன், எந்தக் கோயில், பரிகாரம் உண்டா என்று துளைத்தெடுத்துவிட்டார்.

நைனா பேப்பரை மடித்து வைத்தார். பாத்ரூம் பக்கம் திரும்பி, நாலு தோப்பு தாண்டிக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்: "தாயே! உன்னத்தான் கேக்கறாரு. வந்து நீயே சொல்லிட்டுப் போ!"

பாதி சவரத்தில், முகமெல்லாம் நுரையோடு, இடுப்பில் துண்டுடன் அம்மன் வெளியே வந்தது.