பேச்சுக்கு ஓர் ஆள்

"அரட்டை அடிக்க ஒரு ஆள் கூடவா கிடைக்கலை?" என்று பேராசிரியை கேட்டார்.

"நிறையப் பேர் இருக்காங்க மேடம். யாரைக் கூப்பிடறதுன்னுதான் குழப்பம்" என்று அவள் கூசாமல் புளுகினாள்.

மொழியியல் முதுகலை, கடைசிப் பருவம். எதிராளி பேசி முடிப்பதற்குள் நம் மூளை பதில் வாக்கியத்தைக் கட்டத் தொடங்கிவிடுகிறதே, அதில் எழுவாய் முதலில் வருகிறதா, வினையா என்பது அவளுடைய ஆய்வு. அதற்கு நெருங்கிய இருவரின் அரை மணி நேரப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் பட்டம் அம்பேல். ஆனால் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் வாயைத் திறப்பதே பல் தேய்க்கத்தான்.

முதலில் அக்காவை ஃபோனில் பிடித்தாள்.

"பதிவு ஓடுதுக்கா. இயல்பா பேசு."

"வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நீ நலமா?"

"ஐயோ, எப்பவும் என்னைத் திட்டுவியே, அது மாதிரி பேசேன்!"

"திட்டறதைப் பதிவு பண்றியா? எங்க மாமியார் காதுல விழவா? வைடி ஃபோனை!"

சரி, அக்காவை விட்டால் வேறு ஆளே இல்லையா என்கிறீர்களா? கேன்டீனில் தினமும் எதிரே உட்காரும் வகுப்புப் பெண் இருந்தாள்.

"என்கூட அரை மணி நேரம் அரட்டை அடிப்பியா?"

"நாம பேசினதே இல்லையே!"

"அதான், இன்னிக்கு ஆரம்பிக்கலாமே. பதிவு பண்ணச் சம்மதம்னு கையெழுத்து மட்டும் போட்டுடு."

மறுநாள் அந்தப் பெண் வேறு மேசைக்கு மாறிவிட்டாள். இருந்த ஒரு துணையும் போயிற்று.

ஞாயிறு மாலை அவள் துணிந்துவிட்டாள். தன் வாடகை அறையில், பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர் அலமாரியில் மைக்கை வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்தால் அவள். நாற்காலிக்குத் தாவினால் கட்டைக்குரல் சிநேகிதி.

"சாப்பிட்டியா?" என்றாள் கட்டிலிலிருந்து. தடதடவென்று ஓடி, நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்தாள். "இல்லைடி, பசிக்கலை."

"ஏன் ஒரு மாதிரி இருக்கே?"

"தனியா இருந்தா வேற எப்படி இருக்குமாம்?"

இந்தப் பதிலை அவள் யோசித்து வைக்கவில்லை. அதுவாக வந்துவிட்டது. மூச்சிரைக்க, அரை மணி நேரத்தையும் ஒப்பேற்றினாள்.

திங்கட்கிழமை ஒலிப்பதிவு அறை உதவியாளர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டார். புருவம் ஏறியது.

"இந்த ரெண்டு குரலும் நீங்கதானே?"

பட்டம் போனது போனதுதான். இனிப் புளுகவும் தெம்பில்லை.

"ஆமா சார். என்கூடப் பேச யாருமே இல்லை" என்று உடைந்து அழுதுவிட்டாள்.

அவர் ஒலியைக் கூட்டி மறுபடி கேட்டார். பிறகு அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"யாருமே இல்லையா? சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அம்மா, 'நானும் இன்னும் சாப்பிடலை, வரட்டுமா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களே, நீங்க ஏம்மா பதிலே சொல்லலை?"